உள் சக்கரம்

இருங்காட்டுக்கோட்டையில் அந்த வலது வளைவு முடிகிற இடத்தில்
தாரில் ஒரே ஒரு கறுப்புக் கோடு.
என் எஸ்டீம் போட்டது.
மிதிக்க மிதிக்க உள் சக்கரம் மட்டும் சுற்றியது,
புகைந்தது, டயரைத் தின்றது.
பாரமெல்லாம் தாங்கி நின்ற வெளிச் சக்கரம்
கேட்டுக் கேட்டுப் பார்த்தது.
சுற்றுகிறவனால் எவ்வளவு முடியுமோ
நிற்கிறவனுக்கும் அவ்வளவே.
சாதா டிஃபரென்ஷியலின் சமத்துவம் அது.

எழுநூற்று எண்பது கிலோ.
பின் சீட்டு இல்லை, ஏசி இல்லை, தரையில் கம்பளம் இல்லை.
திங்கட்கிழமை இதே வண்டியில்தான்
போரூர் ஆஸ்பத்திரிக்கு
எக்ஸ்ரே எடுக்கிற வேலைக்குப் போகிறேன்.

புதுப்பேட்டையில் ஹயாத் பாஷா
சாக்கை அவிழ்த்தார்.
கிளட்ச் தட்டுகள் வைத்த எல்.எஸ்.டி.
ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்தது.
"ஒரு வீலு வானத்துல நின்னாலும்
இன்னொண்ணு இழுக்கும்மா.
இழுக்கலைன்னா என் பேரை மாத்திக்கிறேன்."
எண்ணெய் கருகிய வாசனை.
அவர் விலை சொன்னார்.
நான் பாதி சொன்னேன்.
அவர் டீ சொன்னார்.

இன்னொன்று படத்தில் மட்டும் இருந்தது:
சாய்பல் கியர்களால் ஆனது.
தேய்கிற தட்டு இல்லை, முனகல் இல்லை.
பிடி உள்ள பக்கத்துக்கு மூன்று மடங்கு தள்ளும்.
கப்பலில் வர ஆறு வாரம்.
சுங்கத்தையும் சேர்த்தால்
எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ்
இன்னும் இரண்டு வருஷம் உறுமியாக வேண்டும்.

சரி, ஒரு சக்கரம் தரையை விட்டு எழும்பினால்?
மூன்று மடங்கு, எதில்?
டீக்கடை பில்லின் பின்புறம்
பூஜ்ஜியத்தை மூன்றால் பெருக்கிப் பார்த்தேன்.
விடை மாறவில்லை.

ஒரு மாதம் இப்படியே.
இடுப்பெலும்புப் படம் எடுக்கும்போது
கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும் பந்தைப் பார்த்து
இதற்கு முன்சுமை எவ்வளவு வைத்திருப்பார்கள் என்று யோசித்தேன்.
நோயாளி, "மூச்சு விடலாமா?" என்றார்.

ஜெரால்டு தன் வண்டியை ஒரு வாரம் கொடுத்தான்.
தட்டு வைத்தது.
டிராக்கில் வளைவை விட்டு அது வெளியேறிய விதத்தை
இன்னும் யாரிடமும் சரியாகச் சொல்ல முடியவில்லை.

பிறகு மழை பெய்தது.
ஆற்காடு சாலையில் மெட்ரோ பள்ளத்தின் ஓரம்
ஒரு சக்கரம் சேற்றில், ஒன்று காய்ந்த சிமெண்டில்.
ஸ்டீயரிங் என் கையைப் பிடுங்கிக்கொண்டு
ஒரு பரோட்டாக் கடையைப் பார்த்துத் திரும்பியது.
மாஸ்டர் கரண்டியை ஓங்கியதும் நியாயம்தான்.
இரவு இரண்டு மணிக்கு
வளசரவாக்கம் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில்
தூணைச் சுற்றி வளைத்தால்
டடக், டடக், டடக்.
மூன்றாம் மாடியில் விளக்கு எரிந்தது.
நான்காம் மாடியிலும்.

சுதர்சனனிடம் ஃப்ரிட்ஜைப் பற்றிப் பேச வந்தேன்.
"வாங்கிடு. அதை நான் தட்டிக்கிட்டிருக்கேன்"
என்றான், தட்டிக்கொண்டே.

ஹயாத் பாஷாவிடம் சொல்லப் போனபோது
மறுபடி டீ.
"கியரா? சரி. வீலு எழும்புனா என்ன பண்ணுவே?"
இடது காலால் பிரேக்கைத் தொடுவேன், லேசாக.
காற்றில் சுற்றுவதற்கு ஏதோ ஒரு தடை கிடைத்தால் போதும்,
பெருக்க ஓர் எண் கிடைத்துவிடும்.
அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.
"இதை நான் வேற யாருக்கும் சொல்ல மாட்டேன்.
அப்புறம் என் சாக்குல இருக்கறதை யார் வாங்குவான்?"

நேற்று, கடைசி சுற்றுக்குப் பின்
ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு
அந்த வளைவுக்கு நடந்து போனேன்.
தார் இன்னும் சுட்டது.
பழைய கோட்டை மழை பாதி அழித்திருந்தது.
பக்கத்தில் புதிதாக இரண்டு.
ஒன்று நல்ல கறுப்பு.
உள்பக்கத்தது, குனிந்து பார்த்தால்தான் தெரிகிறது.