காது தெரியணும்

நிமிர்ந்து உட்கார். ரெண்டு காதும் தெரியணும்.
சிரிக்காதே, பல் தெரிந்தால் படத்தைத் திருப்பிவிடுவார்கள்.
பதினாறு வருடமாக, பாம்பனில்,
சவுதிக்குப் போகிறவர்களிடமும்
படகு லைசென்ஸ் எடுக்கிறவர்களிடமும்
இதையேதான் சொல்லிவருகிறேன்.

இன்று ஸ்டுடியோ இல்லை.
ராமேஸ்வரம், அக்னி தீர்த்தம் தாண்டி
சங்குக் கடைகளின் முதுகுப்பக்கம்.
மணி ஆறேகால்.
பின்னணிக்கு வெள்ளைத்துணி கொண்டுவர மறந்துவிட்டேன்.
கயிற்றில் கிடந்த ஒரு வேட்டியை உருவினான் டோனி.
(ஞானஸ்நானத்தில் அந்தோணியம்மாள்;
டோனி என்றால்தான் திரும்புவான்.)
முழுக்குப் போடுகிறவர்கள்
பாவத்தோடு சேர்த்துக் கடலில் விட்டுப்போகும் துணி.
விடியுமுன் இறங்கி இவர்கள் பொறுக்குகிறார்கள்,
பிழிந்து காயப்போட்டுக்
கிலோக் கணக்கில் விற்கிறார்கள்.
நல்லதாய் ஒன்று சிக்கினால் விற்பதில்லை.
"யார் பாவமோ சார், எனக்கு அளவா இருக்கு"
என்றாள் மெர்லின்,
ஜாக்கெட்டின் கையை இழுத்துவிட்டபடி.

இரவில் மண்டபம் ஸ்டேஷன்.
போலீஸ் தட்டி எழுப்பினால் மணல்.
லாட்ஜுகளில் குடும்பமாக வந்தால்தான் அறை.
"நாங்க மூணு பேரும் குடும்பம்தான்னு சொன்னோம்,
மேனேஜர் விழுந்து விழுந்து சிரிச்சான்."

காளீஸுக்கு முகம் வேண்டாம்.
"முதுகை எடுங்க. அப்பா ஐஸ் பிளான்ட்ல இருக்காரு,
யார் போன்லயாச்சும் பார்த்துட்டா?"
முதுகை எடுத்தேன்.
"இல்ல, பார்க்கட்டும்" என்று திரும்பினான்.
மறுபடி வேண்டாம் என்று திரும்பினான்.
கிடைத்தது
ஒரு காதும், கலங்கிய பாதிக் கன்னமும்.

மெர்லினுக்கு அடையாள அட்டைக்குப் படம்.
எனக்கு வேறு ஆசையும் இருந்தது, மறைப்பானேன்:
மதுரையில் ஒரு கண்காட்சி.
'வீடற்றவர்கள்' என்று தலைப்பு யோசித்திருந்தேன்,
கண்களில் சோகம் கொஞ்சம் தேவைப்பட்டது.
சொன்னதும் அவள் உதட்டைப் பிதுக்கினாள்.
"அப்படிப் போடாதீங்க. வீட்டுல நான் இருக்கேன் சார்.
செவுத்துல. மாலையோட. சீரியல் பல்பு வேற."

லென்ஸைத் திருகி முகத்தைக் கிட்டே இழுத்தேன்.
இடது புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு.
அதன் மேல்
ஒரு மத்தியானம் முழுக்க மவுஸ் தேய்த்திருக்கிறேன்.

மூன்று வருடம் முன்பு
தங்கச்சிமடத்திலிருந்து வந்த பெண்,
பிளஸ் டூ ஹால் டிக்கெட்டில் ஒட்டியிருந்த படம்.
"கடலுக்குப் போனவன்" என்றாள், அதற்குமேல் பேசவில்லை.
முத்திரையை எடுத்தேன். கோட்டு போட்டுவிட்டேன்.
தழும்பை, அவள் கேட்காமலே, அழித்தேன்.
மறைவுத் தேதி கேட்டதற்கு
விரல்விட்டு எண்ணிப் பார்த்துச் சொன்னாள்:
ஜூலை ஒன்பது.
ஐந்நூறு சொல்லி நானூறு வாங்கினேன்.

"நீ எப்போ கிளம்பின வீட்டைவிட்டு?"
சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.
"ஜூலை ஒன்பது. கடைசி பஸ்.
ஏன் சார், கை ஆடுது?"
காற்று என்றேன்.
காற்றும் அடித்தது, பொய்யில்லை;
வேட்டி பாய்போல உப்பி
டோனியை இரண்டடி இழுத்துப்போனது.

மெர்லின் விண்ணப்பத்தை மடியில் விரித்தாள்.
நிரந்தர முகவரி என்ற கட்டத்தில்
பேனா நின்றது.
என்னைப் பார்க்கவில்லை, பேனாவைத்தான் பார்த்தாள்.
கடை எண் நாலு, பஸ் ஸ்டாப் எதிரில், பாம்பன்
என்று நான் சொல்லச் சொல்ல எழுதினாள்.
"தபால்காரர் என் பேரைச் சொல்லித்தானே கூப்பிடுவாரு?"
"உன் பேரைத்தான்."
"அப்புறம் இந்தத் தழும்பு, கம்ப்யூட்டர்ல
எடுத்துருவீங்களாமே?"
அது வராது என்றேன்.

படத்தின் இரு ஓரத்திலும்
வேட்டியைப் பிடித்த டோனியின் கட்டைவிரல்களும்
காளீஸின் கட்டைவிரல்களும் விழுந்திருக்கின்றன.
காது இரண்டும் தெரிகிறது.
பல்லும் தெரிகிறது.
திருப்பி அனுப்புவார்கள். இன்னொன்று எடுக்கலாம்,
நாளைக்கு, வெயிலுக்கு முன்.