டேக் ஏழு

ஹீட்டரை நிறுத்தினால்தான் ஒலி பதியும்.
நிறுத்தினால் நடிகர்களுக்குப் பல்லு தந்தியடிக்கும்.
ஸ்காபரோவில், எல்ஸ்மியர் வீதிக்குப் பின்னால்,
டயர்க் கடைக்கும் கேட்டரிங் சமையலறைக்கும் நடுவே
பதினாலாம் இலக்கக் கொட்டகை,
எங்கள் ஸ்டூடியோ.
நவம்பரில் ஊரே பனிக்கால டயர் மாற்றும்.
சுவருக்கு அப்பால் டர்ர்ர் என்று ஒரு துப்பாக்கி
நட்டுகளைக் கழற்றிக்கொண்டே இருக்கும்.
ஒரு காருக்கும் அடுத்த காருக்கும் இடையில்
ஆறு நிமிடம் கிடைக்கும்.
அதற்குள் பகிடி எடுப்போம்.

அன்றைக்கு அகதி விசாரணை அறை.
நாற்காலிகள் கல்யாண மண்டபத்து இரவல்;
முதுகில் சாட்டின் முடிச்சை அவிழ்க்க மறந்துவிட்டோம்.
சுவரில் கொடி, சயிலன் வரைந்தது.
மேப்பிள் இலைக்குப் பதினொரு முனை,
அவனுடையதற்குப் பதின்மூன்று.
'ஆர் எண்ணப் போறாங்கள்?' என்றான்.
எண்ணும். எங்கட சனம் எண்ணும்.

பகிடி இதுதான்:
அகதி பத்து நிமிடம் கதைப்பான்,
கை வீசுவான், எழும்புவான், குந்துவான்.
மொழிபெயர்ப்பாளர் விசாரணையாளரைப் பார்த்து
'நோ' என்பார்.
பழைய பகிடி.
பழைய செருப்பைப் போல, கடிக்காது.

அகதியாக நிதர்சன். இங்கே பிறந்தவன்.
மொழிபெயர்ப்பாளராகத் திலகேஸ்வரி அக்கா,
மளிகைக் கடையில் ஒட்டிய துண்டைப் பார்த்து
வேலை முடிந்து சாப்பாட்டுப் பையோடு வந்தவர்.
என்ன வேலை என்று கேட்டோம். 'ஒஃபீஸ்' என்றார்.

முதலாவதில் நிதர்சன் சிரித்துக் கெடுத்தான்.
மூன்றாவதில் கொடி விழுந்தது.
மற்றவற்றில் டர்ர்ர்.

ஏழில் அவன் ஸ்கிரிப்டைக் கைவிட்டான்.
வாயில் வந்ததெல்லாம் உளறினான்:
ஒரு ஆடு, வேலி, வேலி பாய்ந்த ஆடு,
ஆட்டைத் தேடிப் போன தம்பி,
தம்பியின் ஒற்றைச் செருப்பு,
திரும்பவும் ஆடு.
நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு
'நோ'வுக்காக நின்றோம்.

அக்கா 'நான்' என்று தொடங்கினார், ஆங்கிலத்தில்.
'என் தம்பி ஆட்டைத் தேடிப் போனான்.'
அவர் சொல்கிறார், இவர் சொல்கிறார் ஒன்றுமில்லை,
நான், என், எனக்கு.
அது அந்தத் தொழிலின் விதியாம், பிறகு அறிந்தோம்.
ஒரு வேலி விடவில்லை. ஒரு ஆடு விடவில்லை.
செருப்பு வந்ததும் நிறுத்தி,
நிதர்சன் பக்கம் திரும்பி, தமிழில்,
மிக மரியாதையாகக் கேட்டார்:
'இடதா, வலதா?'

'இடது' என்றான்.
ஏன் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது.

கேமராவில் குர்ஜோத், பிராம்டன் பையன்,
தமிழ் ஒரு சொல்லும் தெரியாது.
ஆறு டேக்கிலும் நாங்கள் சிரித்த பிறகுதான் சிரித்தான்.
இந்தமுறை அது அவனிடம்தான் முதலில் போனது.
கண்ணை எடுத்தான்.
ஃபிரேம் கொஞ்சம் சரிந்தது.

பிறகு டர்ர்ர்.
யாருடையதோ ஒரு சக்கரம்.

'கட்.' என் குரல்தான், பதிவில் இருக்கிறது.
ஹீட்டரைப் போட்டோம்.
அக்கா கைகளைத் தேய்த்தபடி
'மன்னிக்கோணும் தம்பி, பழக்கம்.
பன்னிரண்டு வருசம்' என்றார்.
எட்டாவதில் 'நோ' என்றார், சுத்தமாக.
அதைத்தான் வெளியிட்டோம். நாலு லட்சம் பேர் பார்த்தார்கள்.
முப்பது பேர் இலையை எண்ணியிருந்தார்கள்.

'ஏழை அழி' என்றான் சயிலன்.
எண்ணைத்தான் சொன்னான்.
டிஸ்க்கில் இடமில்லை, அதில் பகிடியும் இல்லை,
வாடகை வேறு ஒன்றாம் தேதி.

அழிக்கவில்லை.
ஒருநாள் இரவு சப்டைட்டில் போட உட்கார்ந்தேன்.
போட ஒன்றுமில்லை, எல்லாவற்றையும்
அக்காவே சொல்லி முடித்திருந்தார்.
மிச்சம் அந்த டர்ர்ர் மட்டும்.
'சிரிப்பொலி' என்று அடித்துப் பார்த்தேன்,
அழித்தேன்.
'டயர்க் கடை' என்று போட்டேன்.
அப்படியே இருக்கிறது.