கிராம்பு

வீட்டை விற்றோம்.
கார் அவனுக்கு, கெட்டில் எனக்கு.
ஸ்ப்ராட்டை மட்டும் பாகம் பிரிக்க முடியவில்லை.

முழங்காலுக்குக் கீழே ஒரு டெரியர்.
நனைந்த சாக்கின் நிறம்,
இரு தரப்பும் கேட்டு அலுத்த வக்கீலின் தாடி.
ஒரு வாரம் என்னிடம், மறுவாரம் டன்ஸ்டனிடம்.
சனிக்கிழமை மதியம் அல்ன்மவுத் ரயிலடியில்
கயிறு கைமாறும்.
"சாப்பிட்டானா?"
"சாப்பிட்டான்."

மீதியை நாய் வழியாகப் பேசிக்கொண்டோம்.

அவன் செவியட் மலைக்குக் கூட்டிப்போனான்;
காதெல்லாம் முட்செடி ஒட்டிக்கொண்டு வந்தது.
நான் துடுப்புப் படகில் ஏற்றினேன்.
மஞ்சள் மிதவைச் சட்டை, முதுகில் கைப்பிடி;
கடலில் குதித்ததைக் கைப்பெட்டி போலத் தூக்கினேன்,
தொங்கியபடியே ஒரு நீர்க்காகத்தைத்
திட்டிக்கொண்டிருந்தது.

ஆகஸ்டு கண்காட்சியில் டெரியர் ஓட்டம்:
தலைகீழாய் நிறுத்திய சைக்கிளின் பெடலை ஒருவர் சுற்ற,
கயிற்று நுனியில் போலி நரிவால் புல்லில் பறக்க,
பின்னால் பதினோரு நாய்கள்.
எங்களுடையது எதிர்த்திசையில் ஓடி
சீஸ் கடை மேசைக்கடியில் முதலாவதாக வந்தது.
டன்ஸ்டனுக்குப் படம் அனுப்பினேன்.
பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.

பழைய குளியல்தொட்டியில் மணல் கொட்டி
பிஸ்கட் புதைத்துக் கொடுத்தேன், ஆசைதீரத் தோண்டட்டும் என்று.
மூன்று நாள் தோண்டியது.
நான்காம் நாள், அடுத்த வீட்டு விங்கேட்
பரிசுக்கென்று வளர்த்த லீக்ஸ் பாத்தி.
டெரியர் என்ற பெயருக்குள்ளேயே மண் இருக்கிறது
என்று அவருக்கு விளக்கினேன்.
வேலியை உயர்த்திக்கொண்டார்.

அப்புறம்தான் டன்ஸ்டன் கிராம்புக்கு வந்தான்.
செவ்வாய்தோறும் சர்ச் கூடத்தில் மோப்ப வகுப்பு,
பதினான்கு அட்டைப்பெட்டி, ஒன்றில் கிராம்பு.
கண்டதும் குரைக்கக் கூடாது, பிறாண்டக் கூடாது.
உட்கார்ந்து, சிலையாகி, காத்திருக்க வேண்டும்.
பிறகு சீஸ்.
"இவனா? சிலையா?" என்றேன்.
எங்கள் பேச்சில் அது மூன்றாவது வாக்கியம்.

நவம்பரில் ஒரு சனி.
தண்டவாளத்தில் மரம் விழுந்து
ரயில் எதுவும் இல்லை.
காத்திருப்பு அறையில் மூன்று மணிநேரம்,
கண்ணாடி முழுக்க மழை.
ஸ்ப்ராட் ஒரு சிப்ஸ் உறையைக் கொன்று முடித்து
அடுத்து யார் என்று பார்த்தது.
டன்ஸ்டன் சட்டைப்பையிலிருந்து
சின்ன டப்பாவை எடுத்தான்.

நான் ஹீட்டருக்குப் பின்னால் ஒளித்தேன். கண்டுபிடித்தது.
அவன் கால நேர அட்டவணைக்கு அடியில். கண்டுபிடித்தது.
செலோ பெட்டியோடு இருந்த பெண்
தன் பெட்டிப் பூட்டில் செருகினாள்.
டிக்கெட் பரிசோதகர் மைல்பர்ன்
தொப்பிக்குள் வைத்துக்கொண்டு
ஒன்றும் அறியாதவராய் நின்றார்.
அவர் பூட்ஸ் முன்னால் போய் அது உட்கார்ந்தது,
மூக்கை உயர்த்தி,
மூச்சும் விடாமல்.

எல்லோரும் சிரித்தோம்.
அவன் சிரிப்பில் அந்தப் பழைய விக்கல்
இன்னும் இருந்தது.

அவ்வளவுதான். ரயில் வந்தது.
அது யாருடைய வாரம் என்று இருவருக்கும்
ஒரு நொடி மறந்துபோனது.
என்னுடையது.

புதன்கிழமை, சமையலறையிலிருந்து கூப்பிட்டால்
ஸ்ப்ராட் வரவில்லை.
கூடத்தில், கோட் மாட்டும் கொக்கிக்குக் கீழே
உட்கார்ந்திருந்தது. சிலை.
பையில் கைவிட்டேன்.
கடைசியாக என் முறை வந்தபோது
ஒளிக்க மறந்த கிராம்பு.

கண்டுபிடித்தால் சீஸ், அதுதான் விதி.
கொடுத்தேன்.
கிராம்பை எடுக்கவில்லை.