ஓநாய்ச் சுரம்

செல்லோவுக்குள் ஒரு சுரம் சொன்ன பேச்சுக் கேட்காது.
வில் பட்டதுமே உறுமும், உடையும்.
ஓநாய் என்று அதற்குப் பெயர்.
லைப்ஸிக்கில் முதல் குளிர்காலம் முழுக்க
நான் கற்றது இசையல்ல,
இரு முழங்காலால் மரத்தின் விலாவை நெருக்கி
அந்த மிருகத்தை அடக்குவது.

பிறகு சென்னை. பதினாறு வருடம்,
கால்ஷீட்டுக்கு இவ்வளவு என்று.
கதாநாயகனின் தாய் சாகும்போதெல்லாம்
அடியில் நீளும் ஒற்றைச் சுரம் நான்தான்.
உறையில் பெயர் வராது.
ஒருமுறை வந்தது:
உமையாள், வயலின்.

என் சொந்த ரெக்கார்டிங்குக்கு
ஸ்டூடியோ எதுவும் ஒத்துவரவில்லை.
பஞ்சு ஒட்டிய சுவர்கள்
ஒலியைத் தின்றுவிட்டுச் சும்மா நின்றன.

கண்டனூரில் எங்கள் பெரிய வீடு, பதினோரு பங்கு.
வாட்ஸப்பில் ஒன்பது பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.
பினாங்கிலிருந்து சிகப்பி மட்டும் கேட்டாள்:
"அழுகிற மாதிரிக் கேக்குமே, அதுவா?"
அதுதான் என்றேன். பதில் இல்லை.
சரி என்று எடுத்துக்கொண்டேன்.

வளவில் நாற்காலி.
ஆத்தங்குடிக் கல்லில் செல்லோவின் முள் வழுக்க,
கயிற்று மிதியடியை அடியில் கொடுத்தோம்.
நசீர் மைக் வைத்தான், புறா விரட்டினான்.
அரிசி மில் ஓய இரவு பதினொன்று.
சுண்ணாம்புச் சுவர்
கொடுத்த ஒலியைக் கொஞ்சம் வைத்திருந்து
வட்டி போட்டுத் திருப்பித் தந்தது.

ஏழாவது டேக்கில் நசீர் கையைத் தூக்கினான்.
"அக்கா, எங்கயோ அதிருது."
அடித்தந்தியில் மூன்றாம் விரல் விழும்போது மட்டும்.
கதவு கதவாகக் காது வைத்தோம்.
இரண்டாம் கட்டில், சிகப்பியின் அறை. பூட்டு.
உள்ளே அவள் கல்யாணத்துக்கு வைத்த சாமான்,
அண்டா, தவலை, அடுக்குச் சட்டி, ஆறு டஜன் டம்ளர்.
பதினாலே மாதத்தில்
போன லாரியிலேயே திரும்பி வந்தவை.
எதிலும் சோறு வெந்ததில்லை.

விரல் விழ விழ
இருட்டில் பித்தளை வாய் திறந்தது.
நெருக்கிப் பிடிக்க
ஒரு வீட்டுக்கு விலா எங்கே இருக்கிறது?

சாவி பினாங்கில். மணி இரண்டு.
"ஊருக்குப் போய் வெட்டிரலாம்க்கா" என்றான்.
வெட்டினான். சுத்தமாக வந்தது இசைத்தட்டு.
பளிங்கு என்று எழுதினார் ஒரு விமர்சகர்.

வெட்டிய ஒலியைத் தனியே கேட்டு வாங்கினேன்.
நாற்பது நொடி.
குறிப்பு ஏதும் இல்லாமல் சிகப்பிக்கு அனுப்பினேன்.
நீல டிக் விழுந்தது.
மூன்று நாள் கழித்து எழுதினாள்:

"தவலைதானே?
மூடி போடாமத்தான் வச்சேன்."