முந்நூறு மில்லி

என் தட்டில் விழுந்த கரண்டி
நிறைந்திருக்கவில்லை.
அங்கேதான் ஆரம்பித்தது.

நாகலூர் தாண்டிக் காப்பித் தோட்டம்.
மஸ்டர் ரோலில் நாற்பது பேர்.
மதியம் ஆளுக்கொரு குழிக்கரண்டித் தயிர்,
கால் லிட்டர்,
முதலாளி கையெழுத்துப் போட்ட கணக்கு.
சேலத்தில் ஏறும் தயிர்
இருபது கொண்டை ஊசி வளைவும் சுற்றி
ஜீப்பின் பின்சீட்டில்
வாந்தி எடுக்காமல் வந்து சேரும்.
அரைக்கிலோ பாக்கெட் இருபது.
பத்து என்று எழுதுவேன்.
பத்து, அவ்வளவுதான்.
எனக்கு முன்பிருந்த எழுத்தர்
பாலுக்கும் தயிருக்கும் ஒரே பக்கம் ஒதுக்கி
மேலே ‘லி’ என்று போட்டிருந்தார்.
நான் அதன் கீழே குடியேறிவிட்டேன்.

பேரேட்டை மூடிச் சாப்பிடப் போக
எனக்கு இரண்டு மணி ஆகிவிடும்.
அன்று கரண்டி குறைந்தது.
மறுநாளும் குறைந்தது, அதே அளவு.
திருட்டில் இவ்வளவு ஒழுங்கா என்று
ஒரு மரியாதைகூட வந்தது எனக்கு.

சொல்லாமல் போய் நின்றேன் சமையல் கூடத்தில்.
மாதேஸ்வரி தயிரைச் சிலுப்பிக்கொண்டிருந்தாள்.
லிட்டர் குவளையைக் கொடுத்து
என் கண்முன் அளக்கச் சொன்னேன்.
ஒன்பது முழுசாக.
பத்தாவது எழுநூறில் நின்றுவிட்டது.
“மிச்சம்?”
“பூராவும் இதுதானுங்க.”
முந்தானையில் கையைத் துடைத்தாள்.
துடைத்ததையே சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

முந்நூறு மில்லி. இருபத்தாறு நாள்.
ஏழு புள்ளி எட்டு லிட்டர்.
லிட்டர் எழுபது வீதம்
ஐந்நூற்று நாற்பத்தாறு ரூபாய்.
சம்பளக் கவரின் மேல் ‘பிடித்தம்’ என்று எழுதி
அடிக்கோடு போட்டேன்,
ஸ்கேல் வைத்து.

தை கடைசியில் மிளகு வியாபாரி வந்தார்.
“லிட்டர் வெயிட் என்ன வருதுங்க?”
அதே குவளையில் மிளகை நிரப்பி
விளிம்பில் பலகையை ஓட்டித் தலை தட்டி
தராசில் வைத்தேன்.
ஐந்நூற்று அறுபது கிராம்.
பதினோரு வருடமாக
இதே கையால், இதே குவளையில்.
லிட்டர் வேறு கிலோ வேறு என்று
மிளகுக்குத் தெரிந்திருந்தது எனக்கு.

வியாபாரி போனதும்
இரண்டு பாக்கெட்டைக் குவளையில் கவிழ்த்தேன்.
தராசு: ஒரு கிலோ, சுத்தம்.
கட்டி கட்டியாய் இருந்தவரை
தயிர் கோட்டைத் தாண்டி நின்று குழப்பியது.
கரண்டியால் சிலுப்பினேன்.
இடுக்கில் இருந்த காற்றெல்லாம் வெளியேறி
மெல்ல இறங்கி
கோட்டுக்கு முப்பது மில்லி கீழே அடங்கியது.
ஒரு கிலோவுக்கு முப்பது.
பத்துக்கு முந்நூறு.

யாரும் எடுக்கவில்லை.
தண்ணீரைவிடத் தயிர் கொஞ்சம் கனம்.
குற்றம் என்று நான் எழுதியது
அந்தக் கனத்தைத்தான்.

உட்கார்ந்து வகுத்துப் பார்த்தேன்.
முப்பத்தெட்டுப் பேருக்கு நிறைகரண்டி.
முப்பத்தொன்பதாவது ஆளுக்கு இருநூறு மில்லி.
அது நான்.
நாற்பதாவது?
மஸ்டரைப் புரட்டினேன்.
கடைசி வரி: மா. மாதேஸ்வரி, சமையல்.

பணத்தோடு போனபோது
காலிப் பாக்கெட்டுகளின் மூலையை வெட்டி
ஒரே டம்ளர் தண்ணீரை
ஒன்றிலிருந்து ஒன்றுக்கு
ஊற்றி அலசிக்கொண்டிருந்தாள்.
இருபதாவதைத் தாண்டும்போது அது மோர்.
உப்புப் போட்டாள். குடித்தாள்.
“முன்னமே சொல்லியிருக்கலாமே.”
“நீங்க அளந்தீங்க.
நான் பாத்துட்டு நின்னனுங்க.”
ரூபாயை எண்ணினாள்.
இரண்டு முறை.

‘லி’யை அடித்துவிட்டு
மேலே ‘கி.கி.’ என்று எழுதினேன்.
பழைய எழுத்து அடியில் தெரிகிறது.
நாளை முதல் பாக்கெட் இருபத்தொன்று.
நாற்பது கரண்டி போக
நூற்று எண்பத்தைந்து மில்லி மிஞ்சும்.
முதலாளி கேட்டால் என்ன சொல்வது என்று
இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.