ஒன்பதாவது வரி

ஒப்பந்தத்தில் சம்பளம் மூன்றாவது வரி.
அதை நான் சரியாகப் படிக்கவில்லை.
ஒன்பதாவது வரியைப் பேனாவால் நானே சேர்த்தேன்:
உதவியாளர்களைத் தலைமைப் பயிற்சியாளரே தேர்ந்தெடுப்பார்.

கிளப் தலைவர் மாதேஸ்வரன், ஜவ்வரிசி ஆலைக்காரர்,
ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார்.
அலமாரிக் கோப்பைகளை எண்ணுவதுபோல் பார்த்தார்.
இருந்ததே இரண்டு கோப்பை.
"என் மச்சான் ஒருத்தன் இருக்கான்,
பிட்னஸ் எல்லாம் நல்லா பண்ணுவான்."
பேனாவை மூடாமல் நீட்டிக்கொண்டே இருந்தேன்.
கையெழுத்துப் போட்டார்.

அன்றிரவு செவ்வாய்ப்பேட்டை முனையில்
தட்டுவடை செட் மடித்துத் தந்த தாளில்
ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதினேன்.
எதிரே எழுதப் பெயர் வரவில்லை.
கேட்டு வாங்கிய சுதந்திரம்
சட்னியில் ஊறிக்கொண்டிருந்தது.

செல்போனில் பதினோரு அழைப்புகள்.
என்னோடு ஆடியவர்கள், என்னிடம் உதை வாங்கியவர்கள்,
சான்றிதழ் வைத்திருப்பவர்கள்,
விசில் மட்டும் வைத்திருப்பவர்கள்.
சகாயநாதன் அழைக்கவில்லை.
இருபத்தாறு வருடம் என் வலப்பக்கம் ஓடியவன்.
தன் பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று நினைப்பவன்
எதற்கு அழைப்பான்?

எழுதினேன், முதலாவதாக.
பிறகுதான் நினைவு வந்தது:
காந்தி மைதானத்தில் நான் வானத்துக்கு அடித்த பெனால்டியைக்கூட
"காத்து தள்ளிடுச்சுடா" என்றவன்.
பெயரை அடிக்க மனம் வரவில்லை.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்,
அது கொக்கிபோல அவன் பெயரில் மாட்டிக்கொண்டது.

இரண்டாவது, தில்ஷாத் அலி.
மாமாங்கம் வெள்ளைக்கல் சுரங்கத்தில் எடைமேடைக்காரர்.
லாரி வரும் நடையை வைத்தே டன் சொல்லுவார்.
எழுபதாவது நிமிடத்தில் எந்தப் பையனுக்கு மூச்சு வாங்கும் என்பதும்
அவருக்குத் தெரியும்.
மச்சான் கதை அதோடு முடிந்தது.

மூன்றாவதுக்கு மலை ஏற வேண்டியிருந்தது.
ஏற்காடு பஸ். இருபது கொண்டை ஊசி வளைவு.
ஒவ்வொரு வளைவிலும் ஒரு பேச்சைத் தயாரித்தேன்.
முன் சீட்டுச் சிறுவன் ஜன்னல் வழியே வாந்தியெடுக்க
அதெல்லாம் கூடவே போய்விட்டது.

நாகலூரில் மிளகுக்கொடி ஏறிய
சில்வர் ஓக் இரண்டைக் கம்பமாக்கி
லூர்து சாந்தி டீச்சர் பந்து எறிந்துகொண்டிருந்தார்.
பிள்ளைகள் விழுந்து விழுந்து பிடித்தார்கள்.
தவறவிட்டவன் சரிவில் இறங்கி
காப்பித் தோட்டத்துக்குள் தேட வேண்டும்.
அதனால் யாரும் தவறவிடவில்லை.
போன வருஷ லீக்கில் இங்கே பழகிய ஒருவன்
ஒற்றை ஆளாய் ஒன்பது அடிகளைத் தடுத்ததை
கேலரியில் இருந்து பார்த்திருக்கிறேன்.

கோல்கீப்பர் பயிற்சிக்கு வருகிறீர்களா?
"வரேன் சார்." கையுறையைக் கழற்றவில்லை.
"ஒண்ணே ஒண்ணு எழுதிக் குடுங்க.
கோல்ல யார் நிக்கணும்னு நான்தான் சொல்லுவேன்."

பந்துகள் கிடந்த அறையில் காப்பி தந்தார்.
குடித்தேன்.
சுவர்க் காலண்டரில் தேதிகளை எண்ணினேன்.
மாதேஸ்வரன் குடித்த தண்ணீர்
என் தொண்டையில் இறங்குவது தெரிந்தது.

"இப்ப நிக்கிற பையன்..." என்று இழுத்தேன்.
"சகாயநாதன் சார் மகன். தெரியும்.
உயரப் பந்துக்குக் கண்ணை மூடுறான்."

அவர் நீட்டிய பேனாவுக்கும் மூடி இல்லை.

இறங்கும்போது பதினான்காவது வளைவில் சிக்னல் வந்தது.
கூடவே சகாயநாதன்.
"எழுதிட்டியாடா?"
"உன் பையன வெளிய உட்கார வைப்பாங்க போல.
டீச்சர் கையில குடுத்துட்டேன்."
இன்ஜின் சத்தம் மட்டும் ஒரு வளைவு முழுக்க.
பிறகு சொன்னான்:
"தப்புடா. நீ செஞ்சது தப்பு."

இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை.

தாளை முழங்காலில் விரித்தேன்.
கேள்விக்குறியை அடித்தேன்.
பஸ் குலுங்கியதில்
பெயர் மேலும் கொஞ்சம் கோடு விழுந்தது.