ஆல்பேட்டையில் ஒரு மடக்கு

நாலரைக்கு முதல் சிங்கிள்.
மூணே முக்காலுக்கே அடுப்படியில்
விளக்கைப் போடாமல்
உள்ளங்கைக்கு அடியில் வைத்து
எலுமிச்சையைத் தரையில் உருட்டுகிறேன்.
பாதித் தூக்கத்தில் அஞ்சலாட்சி கேட்கிறாள்:
"பஸ்ஸையா ஓட்டுறீங்க?"

ஓட்டுவது கலியபெருமாள். நான் கிழிப்பவன்.
கடலூர் புதுச்சேரி, புதுச்சேரி கடலூர்,
பதினாறு வருஷம்.
தண்ணீர் குடித்தால் இறங்க வேண்டும்,
இறங்கினால் டைம்கீப்பர் வாயில் விழ வேண்டும்.
குடிக்கவில்லை.
என் பையில் சில்லறை சேராத நாளிலும்
உடம்பு தன் கணக்கில் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறது.

சித்திரையில் ஒருநாள், தவளக்குப்பம் தாண்டி,
"ரெண்டு அரியாங்குப்பம்" என்று கை நீட்டிய அம்மாளுக்குச்
சீட்டைக் கொடுக்காமல்
அப்படியே மடங்கி
அவள் நெத்திலிக் கூடைமேல் உட்கார்ந்துவிட்டேன்.
கல் என்றார்கள் ஜிப்மரில். நாலு மில்லிமீட்டர்.
"இதுக்கா அவ்வளவு கத்தல்?" என்றாள் அஞ்சலாட்சி
ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து.

தண்ணீர் குடி. எலுமிச்சை பிழிந்து குடி. உப்பைக் குறை.
மூன்றாவதைக் கேட்ட மாத்திரத்தில்
உப்பு ஜாடி பரணுக்குப் போனது.
உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்றேன்;
உப்புள்ள ஆளு ஆஸ்பத்திரியிலே என்றாள்.

அதனால் நாக்கை ஏமாற்றக் கற்றுக்கொண்டேன்.
இஞ்சியைத் தட்டிப் பிழிந்து
சாறு தெளியும்வரை பல் துலக்கப் போவேன்;
அடியில் தங்கும் வெள்ளையைச் சேர்ப்பதில்லை.
வறுத்த சீரகம், நாலே நாலு மிளகு,
இனிப்புக்குப் பாதிச் சாத்துக்குடி,
கையில் கசக்கிய புதினா,
குழாய்த் தண்ணீர் கரிக்கும் என்பதால் கேன் தண்ணீர்.
கொட்டை ஒன்று நசுங்கினாலும் போச்சு.

பிழிவதுதான் கஷ்டம்.
ஏறின கூட்டத்தை இன்னும் உள்ளே, இன்னும் உள்ளே என்று
படிக்கட்டுவரை அடைத்தே பழகின கை.
எலுமிச்சையில் அப்படிச் செய்யக் கூடாது.
கடைசிச் சொட்டுக்கு அழுத்தினால்
தோல் தன் கசப்பை இறக்கிவிடும்.
கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே
விசில் கொடுத்துவிட வேண்டும்.

"பழம் சக்கரத்துக்கு அடியில போனா வண்டிக்கு நல்லது,
வயித்துக்குள்ள போனா கண்டக்டருக்கு நல்லது"
என்பார் கலியபெருமாள். குடிக்க மாட்டார். டீ ஆள்.

போன வாரம், திரும்பி வரும் சிங்கிள்.
பெண்ணையாற்றுப் பாலம் வருவதற்குள்
பாதிப் பஸ் தூங்குகிறது.
ஆல்பேட்டை செக்போஸ்டில் ஏறினார் புதுக் காவலர்,
நெஞ்சில் இருதயராஜ் என்ற பட்டை.
சீட்டுக்கு அடி, மூட்டைக்கு இடுக்கு,
வயசான ஒருவரின் டிபன் கேரியர் நாலு அடுக்கும்.
பிறகு என் பாட்டில்.
மங்கல் மஞ்சள். மிதக்கும் பச்சை. உருளும் கறுப்பு.
"என்ன சரக்கு இது?"
திறந்தார். மோந்தார்.
எனக்கே கேட்கும்படி ஒரு மடக்கு குடித்தார்.

"உப்பு போடலையா?"

கல்லுங்க என்றேன், இடது இடுப்பைக் காட்டி.
தூங்கின பஸ் முழுக்க விழித்துப் பார்க்கிறது.
அவர் தொப்பியைக் கழற்றினார்,
நெற்றியைத் துடைத்தார்,
வலது இடுப்பில் கை வைத்தார்.
"எனக்கு ரெண்டு.
எட்டு மணி நேரம் வெயில்ல நிக்கிறேன்.
இங்க கழிப்பறைக்குப் பூட்டு இருக்கு,
சாவிதான் இல்ல."
இன்னொரு மடக்கு குடித்துவிட்டு
பாட்டிலைத் திருப்பித் தரும்போது
மூடியை இறுக்கமாகத் திருகித் தந்தார்.

இன்று ஆறு பழம் உருள்கிறது தரையில்.
அஞ்சலாட்சி எழுந்தே வந்துவிட்டாள்.
"ரெண்டாவது பாட்டில் யாருக்கு?"
"போலீசுக்கு."
"மாமூலா?"
"மாமூல்தான்."
பழம் என்ன விலை விக்குது தெரியுமா என்று
முணுமுணுத்துக்கொண்டே
வடிகட்டியை நீட்டுகிறாள்.
இஞ்சி இன்னும் தெளியவில்லை.
மணி நாலு பத்து.